மின்னூலில் பக்க எண் இருந்தால் என்ன, போனால் என்ன?

“87-ஆம் பக்கத்தைப் பாருங்கள்” என்றால் அச்சுப் புத்தகக்காரர் புரட்டிவிடுவார். மின்னூல்காரர் விழிப்பார். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியதுமே அவருடைய 87 எங்கேயோ 120-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். திரைக்குத் தக்கபடி மாறும் இந்த எண்ணை முதலில் தள்ளிவிடலாம். பார்வைக்குத்தான் அது பக்க எண்.

2007-இல் அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் வந்தபோது பக்க எண்ணுக்குப் பதில், நூலைச் சிறு துண்டுகளாக்கி வரிசையாகத் தரும் இட எண் இருந்தது. எழுத்தளவை எப்படி மாற்றினாலும் இது மாறாது, சரி. ஆனால் வேறு கருவியில் படிப்பவருக்கு ‘இடம் 2314’ என்றால் ஒன்றும் விளங்காது. ஆய்வேடுகளுக்கான ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் விதிகளும் இட எண்ணைத் தராதீர்கள் என்றே சொல்கின்றன. 2011-இல் கிண்டிலுக்கே அச்சுப் பக்க எண் வந்துசேர்ந்தது.

தனியாகப் படிப்பவருக்கு, எவ்வளவு படித்தாயிற்று என்று காட்டும் சதவீதம் போதும். அதிலும் ஒரு சின்ன ஏமாற்று உண்டு: நூலின் கடைசியில் அடிக்குறிப்பும் சொல்லடைவும் நிறைய இருந்தால், பாதியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதுமே நூல் முடிந்துவிடும்.

“தேடினால் கிடைத்துவிடுமே” என்பார்கள். தமிழில் அது அவ்வளவு லேசில்லை. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ அகப்படாது.

என் ஓட்டு அச்சுப் பக்க எண்ணுக்குத்தான். அச்சில் ஒவ்வொரு பக்கமும் தொடங்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றை வைக்க ஈபப் என்ற மின்னூல் கோப்பு வடிவத்தில் வழி இருக்கிறது. அப்புறம் ஒரு பக்கம் மூன்று திரைக்கு நீண்டாலும் எண் மாறாது. வகுப்பில் எல்லோரும் அச்சு நூலைப் பிரிக்கும்போது, திரைவாசிப்பான் வழியே கேட்கும் பார்வையற்ற மாணவரும் அதே பக்கத்துக்குப் போகலாம். எந்தப் பதிப்பின் பக்கம் என்ற சிக்கல் மட்டும் உண்டு. பதிப்பைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. பிளேட்டோவை மேற்கோள் காட்டுபவர்கள் 1578-இல் ஹென்றி எஸ்தியேன் அச்சிட்ட பதிப்பின் பக்க எண்ணைத்தான் இன்றும் தருகிறார்கள். அந்தப் பதிப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

அச்சுக்கே போகாத நூலுக்குப் பக்கத்தைக் கற்பனை செய்வது வீண். அங்கே பத்தி எண் நல்லது. குறள் 391 என்றால் எந்தப் பதிப்பிலும், எந்தத் திரையிலும் ‘கற்க கசடற’தான் வரும். கட்டுரை நூலுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். நாவலில் பத்திக்குப் பத்தி எண் தெரிந்தால் கதையில் மனம் ஒட்டாது; பத்தியை விரலால் அழுத்தும்போது மட்டும் எண் எட்டிப் பார்த்தால் போதும்.