மல்லியா, பவுடரா? வேலூர் வெயிலில் வீட்டுச் சோப்புக்கு ஏற்ற வாசனை

கடையில் மூடியைத் திறந்து முகர்ந்தால் மல்லித் தைலம்தான் மனதைப் பிடிக்கும். அதையே சோப்பில் ஊற்றி, ஆறு வாரம் காயவைத்து, ஈரக் கையில் தேய்த்துப் பார்த்தால் கதை வேறு. காட்பாடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நான்கு வருஷமாகச் சோப்பு போடுகிறேன். பூ வாசனை போடலாமா, பவுடர் வாசனை போடலாமா என்று புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் இந்தச் சித்திரையில் இரண்டு வகையையும் ஒரே அளவு கலவையில் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன்.

பவுடர் வாசனை என்றதும் குழந்தையைக் குளிப்பாட்டிக் கழுத்தில் தட்டும் டால்கம் பவுடரை நினைத்துக்கொள்ளுங்கள். குட்டிக்கூரா டப்பா, அத்தை பீரோவைத் திறந்ததும் வரும் ஜவ்வாது மணம், எல்லாம் இந்தப் பக்கம். லேசான இனிப்பு, கொஞ்சம் உலர்ந்தாற்போல இருக்கும். வனிலின், கூமரின், ஹீலியோட்ரோப்பின், அயனோன், கஸ்தூரி வகைகள் என்ற வாசனைச் சரக்குகளில்தான் அந்த மணம் இருக்கிறது. சந்தனத்தையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். திருப்பத்தூர்ச் சந்தனத்தைப் பற்றிக் கேட்டே வளர்ந்த எங்களுக்கு அதைப் பூவோடு சேர்க்க மனம் வராது.

மல்லி, ரோஜா, பேபி பவுடர், சந்தனமும் கஸ்தூரியும் கலந்த பவுடர் என்று நான்கு தைலம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் தேங்காயெண்ணெய் 175 கிராம், நல்லெண்ணெய் 50, விளக்கெண்ணெய் 25. காஸ்டிக் சோடா 39 கிராம், தண்ணீர் 85. தைலம் ஏழரை கிராம், அதாவது எண்ணெய் எடையில் 3 சதவீதம். எந்தத் தைலம் வாங்கினாலும் இஃப்ரா (வாசனைப் பொருட்களுக்கான சர்வதேசச் சங்கம்) விதிப்படியான சான்றைக் கேட்டு வாங்கி, அதில் கழுவிவிடும் சோப்புக்கான 9-ஆம் பிரிவில் எவ்வளவு வரை போடலாம் என்று பாருங்கள். சில பூத் தைலங்களுக்கு அந்த அளவு 3 சதவீதத்துக்கும் கீழே இருக்கும்.

பகலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இந்த வேலைக்கு விடியற்காலை ஐந்து மணிதான் சரி. காஸ்டிக்கைத் தண்ணீரில் போட்டதும் கொதிக்கக் கொதிக்கச் சூடேறும். வெயில் ஏறிவிட்டால் அந்தச் சூடு லேசில் ஆறாது. (காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் கிட்டவே வரக் கூடாது.)

முதலில் மல்லி. கலவை மோர்க்குழம்பு பதத்துக்கு வந்ததும் தைலத்தை ஊற்றினேன். நாலு சுற்று சுற்றுவதற்குள் ரவை ரவையாகத் திரிந்தது. அடுத்த நிமிஷம் கரண்டி நட்டுவைத்த மாதிரி அப்படியே நின்றது. மோல்டில் ஊற்ற முடியவில்லை, புட்டு அடைப்பதுபோல் அள்ளி அள்ளி அழுத்த வேண்டியிருந்தது. வெட்டியபோது உள்ளே பொத்தல் பொத்தலாக இருந்தது. பூத் தைலங்களில் பல இப்படித்தான் சோப்பைச் சட்டென்று இறுக்கிவிடும். விற்றவரிடம் கேட்டேன், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லித்தான் கொடுத்தார். சோப்பில் எப்படி நடந்துகொள்ளும் என்று எழுதிக்கொடுக்காத இடத்தில் நான் இப்போது வாங்குவதில்லை.

இரண்டாம் தடவை மல்லித் தைலத்தைக் காஸ்டிக்குக்கு முன்பே எண்ணெயில் கலந்து, காஸ்டிக் கரைசலை அறைச் சூட்டுக்கு ஆறவிட்டு, பிளெண்டரை ஒதுக்கிவைத்துவிட்டுக் கையாலேயே கிண்டினேன். ஒழுங்காக ஊற்ற வந்தது. ஆனால் ஆறாவது வாரம் முகர்ந்தபோது பாதி மணம்கூட இல்லை. மல்லி மணத்தில் பெரும்பங்கு பென்சைல் அசிட்டேட். அது காஸ்டிக்கின் காரத்தில் உடைந்துபோகும், மிச்சம் இருப்பதும் சூட்டில் ஆவியாகும். மல்லிக்கு ஆழம் தரும் இண்டோல் மட்டும் தங்கி, சோப்பைப் பழுப்பு மஞ்சளாக்கியது.

ரோஜா அப்படியில்லை. ரோஜா மணத்தின் முக்கியமான சரக்கு ஃபினைல் எத்தில் ஆல்கஹால். காரம் அதை அசைக்காது. வெட்டிய அன்றைக்கு இருந்த மணம் ஆறு வாரம் கழித்தும் குளிக்கும்போது வந்தது. பூ வாசனை என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக் கூடாது என்று எனக்குப் புரிந்தது இதில்தான்.

"ஏன் தைலம், நிஜப் பூவையே போடலாமே" என்று சொல்கிறவர்களும் உண்டு. நேதாஜி மார்க்கெட்டில் வாங்கிய பன்னீர் ரோஜா இதழைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். இதழ் கறுத்து, ஊறின டீத்தூள் மாதிரி ஆகும். மணம் துளியும் ஏறாது.

பவுடர் தைலங்கள் இரண்டும் ஊற்றுவதற்குச் சொன்ன பேச்சைக் கேட்டன. நிதானமாகக் கெட்டியாயின, மேலே சுழி போடக்கூட நேரம் இருந்தது. சிக்கல் நிறத்தில் வந்தது. பேபி பவுடர் சோப்பு வெட்டும்போது பால் வெள்ளை. நான்காம் நாள் ஓரத்தில் பழுப்பு தட்டியது, மூன்றாம் வாரம் வெல்லப் பாகு நிறம். மாமியார் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, காஞ்சுபோன தேங்காத்துண்டு மாரி கீது?" என்றார். வனிலின் செய்கிற வேலை அது. டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறப் பொடியைச் சேர்த்தாலும் நிறம் கொஞ்சம் வெளுக்குமே ஒழிய, பழுப்பை மறைக்க முடியாது. வெள்ளைச் சோப்புதான் வேண்டுமென்றால் தைலத்தில் வனிலின் எத்தனை சதவீதம் என்று கேட்டு, இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். சந்தனம், கஸ்தூரி கலந்த என் தைலத்தில் வனிலின் கிடையாது. அந்தச் சோப்பு யானைத் தந்த நிறத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது.

மணத்தைப் பொறுத்தவரை பவுடருக்கு இணை இல்லை. கூமரின், கஸ்தூரியெல்லாம் மெதுவாக ஆவியாகிறவை. அலமாரியில் துணிக்கு நடுவே ஒரு துண்டை வைத்தேன், புடவையெல்லாம் மணக்கிறது. எங்கள் போர் தண்ணீர் நல்ல உப்பு. தேங்காயெண்ணெய்ச் சோப்பு என்பதால் நுரைக்குக் குறைவில்லை. அந்தத் தண்ணீரிலும் குளித்த பிறகு தோளில் லேசாகத் தங்கியது பவுடர் வாசனை மட்டும்தான். ரோஜா குளியலறையோடு சரி.

பேபி பவுடர் என்ற பெயரை நம்பிக் கைக்குழந்தைக்குப் போட்டுவிடாதீர்கள். அதுவும் வாசனைத் தைலம்தான். சின்னக் குழந்தைகளுக்கு நான் எந்தத் தைலமும் சேர்க்காமல்தான் தருகிறேன்.

வீட்டுக்கு இப்போது நான் போடுவது இரண்டும் கலந்தது. 250 கிராம் எண்ணெய்க்கு ரோஜா 5 கிராம், சந்தன கஸ்தூரிப் பவுடர் இரண்டரை கிராம். தண்ணீர் பட்டதும் ரோஜா எழும்பும், துடைத்த பிறகு சந்தனம் நிற்கும். சந்தனத்தைச் சரிபாதி போட்டுப் பார்த்தேன், ரோஜா அமுங்கிப்போனது. ஒன்றையே எடு என்றால் சந்தன கஸ்தூரிப் பவுடரைத்தான் எடுப்பேன். தலைக்குப் பூ வைக்கிற வீட்டுக்காரியாக இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மல்லியை முழுக்க விடவும் இல்லை. தங்கைக்கு மல்லிச் சோப்புதான் வேண்டுமாம். இந்த வெயிலில் வேண்டாம், கார்த்திகை பிறக்கட்டும், குளிர்ந்த விடியலில் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.