ஆஸ்டரிஸ்க் வீட்டு சர்வர்: குரல் உடைந்தால் எங்கே தேடுவது

ஆஸ்டரிஸ்க் என்பது கணினியையே தொலைபேசி எக்ஸ்சேஞ்சாக மாற்றும் மென்பொருள். வீட்டில் நாலைந்து எக்ஸ்டென்ஷன் (உள் ஃபோன்), வெளியே பேச ஒரு சிப் ட்ரங்க் (இணையம் வழி வரும் வெளி லைன்). இவ்வளவுக்கு ராஸ்பெர்ரி பை 3 என்ற கையளவு கணினி தாராளம். ஆஸ்டரிஸ்க்கை அதில் ஆண்டுக்கணக்கில் ஓடவிட்டால் படுத்தி எடுப்பது பிராசஸர் வேகம் இல்லை, நேரம் தவறுவதுதான். குரலை டிஜிட்டலாக்கும் ஜி.711 கோடெக்கில் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், அதாவது நொடிக்கு 50. ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல். இந்தத் தாளம் பிசகினால் பேச்சு உடையும்.

பேசியதை அப்படியே திருப்பி அனுப்பும் எக்கோ அப்ளிகேஷனுக்கு ஒரு எண் ஒதுக்கி வையுங்கள். ஈதர்நெட்டில் இருக்கும் ஃபோனிலிருந்து அதைக் கூப்பிட்டுப் பேசுங்கள். திரும்பி வரும் குரல் சுத்தமாக இருந்தால் சர்வரை விட்டுவிட்டு வெளி லைனைப் பாருங்கள். வைஃபை ஃபோனில் மட்டும் உடைகிறதென்றால் விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

எக்கோ சோதனையில் சிக்காத ஒரு கோளாறும் உண்டு: இருவர் பேசும்போது ஒன்றும் தெரியாது, ஹோல்டு இசையும் கான்ஃபரன்ஸும் மட்டும் திக்கும். பலரும் கோடெக்கை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணடிப்பது இதில்தான். இரு ஃபோன்களுக்கு நடுவே சர்வர் வந்த பாக்கெட்டை அப்படியே தள்ளிவிடுகிறது. சொந்தக் கடிகாரம் தேவையில்லை. இசையையும் கலந்த குரலையும் அது தானே தயாரித்து அனுப்பும்போதுதான் டைமர் வேண்டும். ஆஸ்டரிஸ்க் கன்சோலில் ‘டைமிங் டெஸ்ட்’ கட்டளை கொடுங்கள். 1000 மில்லிசெகண்டில் 50 டிக் வரவேண்டும். எப்போதாவது ஒன்று கூடக்குறைய வந்தால் பரவாயில்லை. திரும்பத் திரும்பக் குறைந்தால் எந்த டைமர் மாட்யூல் ஓடுகிறதென்று அதே விடையில் பாருங்கள். லினக்ஸில் டைமர்எஃப்டி (timerfd) மாட்யூல் இருக்கவேண்டும். பிதிரெட் (pthread) மாட்யூல் மட்டும் ஏறியிருந்தால் மாட்யூல் கான்ஃபிக் கோப்பில் டைமர்எஃப்டியை யாரோ தடுத்திருக்கலாம். விர்ச்சுவல் மெஷினில் ஓட்டினால், ஹோஸ்ட் திணறும்போதெல்லாம் டிக் தவறும். அதற்கு ஆஸ்டரிஸ்க் செட்டிங்கில் மருந்து இல்லை.

இன்னொரு வேடிக்கை உண்டு. டைமரே இல்லாவிட்டால் ஆஸ்டரிஸ்க் ஃபோனிலிருந்து வரும் பாக்கெட்டைத் தாளமாக வைத்து அறிவிப்பை ஓட்டும். ஃபோனில் சைலன்ஸ் சப்ரஷன் (மௌனத்தை அனுப்பாமல் விடும் வசதி) ஆனில் இருந்தால், பேசாத நேரத்தில் பாக்கெட் வராது. ரிசீவரில் ஊதினால் வாய்ஸ்மெயில் அறிவிப்பு ஓடும், ஊதுவதை நிறுத்தினால் அதுவும் நிற்கும். இந்த அறிகுறி கண்டால் ஃபோனில் அந்த வசதியை அணைத்துவிட்டு, டைமர் மாட்யூலை ஏற்றுங்கள்.

பழைய பிசியில் டிடிஎம்400பி போன்ற அனலாக் கார்டு மாட்டியவர்கள் கவனிக்க: அது நொடிக்கு 1000 இன்டரப்ட் அனுப்பும். டிஸ்க் கன்ட்ரோலரோடு ஒரே ஐஆர்க்யூவை (இன்டரப்ட் லைன்) பகிர்ந்தால் டிக் டிக்கென்று சத்தம் கேட்கும். கார்டின் தாளத்தை அளக்கும் ‘டாடி டெஸ்ட்’ (dahdi_test) 99.98 சதவீதத்துக்குக் கீழே போனால் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள்.

எதிரொலியைக் கேட்பவர் பக்கத்தில் பெரும்பாலும் கோளாறு இருக்காது, மறுமுனையில்தான் இருக்கும். அனலாக் லைன் என்றால் முதலில் கெயினை (ஒலி அளவை) குறையுங்கள், பிறகு கார்டை லைனுக்கு ஏற்ப இசைக்கும் எஃப்எக்ஸ்ஓ ட்யூன் (fxotune) ஓட்டுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்பது டைமிங் இல்லை, நாட் (NAT), அதாவது ரவுட்டர் ஐபி முகவரியை மாற்றுவது. வெளி ஐபியையும் லோக்கல் நெட்டையும் சரியாகக் கொடுங்கள், ஃபோன்கள் நேரடியாகக் குரல் அனுப்பிக்கொள்ளும் டைரக்ட் மீடியாவை அணையுங்கள், ரவுட்டரில் சிப் செய்திகளைத் திருத்தும் சிப் ஏஎல்ஜியை நிறுத்துங்கள். எடுத்த அழைப்பு சரியாக 32 நொடியில் துண்டிக்கப்பட்டால், எடுத்ததை ஒப்புக்கொள்ளும் ஏக் (ACK) செய்தி வந்து சேரவில்லை என்று அர்த்தம்; சிப் நெறிமுறையின் அரை நொடி டி1 டைமரின் 64 மடங்கு அது. சிப் செய்திகளைக் காட்டும் எஸ்என்கிரெப்பில் (sngrep) பார்த்தால், அழைப்பை எடுத்ததைச் சொல்லும் 200 ஓகே திரும்பத் திரும்பப் போவது தெரியும்.

நீங்கள் நன்றாகக் கேட்கிறீர்கள், எதிராளிக்கு மட்டும் உடைகிறது என்றால் அப்லோடு நிரம்பியிருக்கிறது. ஒரு அழைப்புக்கு ஈதர்நெட்டில் ஒரு திசைக்கு 87 கேபிபிஎஸ்தான் தேவை. ஆனால் கைபேசி படங்களை கிளவுடில் ஏற்றத் தொடங்கினால் ரவுட்டர் க்யூவில் குரல் சிக்கிக்கொள்ளும். ரவுட்டர் மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டியில் க்யூவைச் சீராக்கும் எஸ்க்யூஎம் (SQM) போட்டு, அதில் கேக் (cake) முறையைத் தேர்ந்தெடுத்து, அளந்த வேகத்தில் 90 சதவீதம் கொடுங்கள். வேகமான இணைப்புக்குப் பணம் கட்டுவதைவிட இது பலன் தரும்.

முன்பின்னாக வரும் பாக்கெட்டைச் சற்று நிறுத்திச் சீராக்கும் ஜிட்டர் பஃபரை எல்லா சேனலிலும் போடாதீர்கள். ஐபி ஃபோன்களில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. சர்வரிலும் போட்டால் தாமதம்தான் கூடும். அனலாக் முனைக்கும் கான்ஃபரன்ஸுக்கும் போதும்.

ராஸ்பெர்ரி பையில் கடைசியாக ஒன்று: கோளாறு தேடும்போது போட்ட டீபக் லாகை (விரிவான பதிவை) அப்படியே விட்டால் எஸ்டி கார்டு எழுதித் திணறும், கார்டின் ஆயுளும் குறையும். வேலை முடிந்ததும் லாகை எச்சரிக்கை, பிழை அளவுக்கு இறக்கிவிடுங்கள்.