64-ஆ, 72-ஆ, 128-ஆ? எஸ்டிஎம்32எஃப்103-ஐ முழு வேகத்தில் ஓட்டுவது எப்படி

பவர் கொடுத்ததும் எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் சிப் ஓடத் தொடங்குவது வெறும் 8 மெகாஹெர்ட்ஸில். சிப்புக்குள்ளேயே இருக்கும் ஆர்சி ஆஸிலேட்டர் (கிளாக் துடிப்பை உண்டாக்கும் சுற்று) தரும் வேகம் அவ்வளவுதான். டேட்டாஷீட் சொல்லும் 72 தானாக வராது, கிளாக்கைப் பெருக்கும் பிஎல்எல் சுற்றை நாம்தான் இயக்க வேண்டும். அதற்கு எந்தக் கிளாக்கைக் கொடுப்பது?

உள் ஆஸிலேட்டரையே கொடுக்கலாம். ஆனால் அது பாதியாகி, 4 மெகாஹெர்ட்ஸாகத்தான் பிஎல்எல்லுக்குள் போகும். பெருக்கம் 16-க்கு மேல் கிடையாது என்பதால் உச்சம் 64. வெளியே ஒரு பாகமும் வேண்டாம், ஆஸிலேட்டரும் உடனே எழுந்துவிடும். பேட்டரியில் தூங்கித் தூங்கி எழும் சென்சாருக்கு நான் இதைத்தான் வைப்பேன். குறை என்னவென்றால், வெப்பநிலை மாறும்போது அலைவெண் ஓரிரு சதவீதம் நகரும்.

போர்டில் 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் (துல்லியமான கிளாக் தரும் வெளிப் பாகம்) இருந்தால், அதை 9-ஆல் பெருக்கி 72 எடுக்கலாம். யூஎஸ்பி வேண்டுமென்றால் இதுதான் வழி. யூஎஸ்பிக்குத் துல்லியமான 48 தேவை, 72-ஐ 1.5-ஆல் வகுத்தால் சரியாக 48 வருகிறது, 64-ஐ வகுத்தால் 42.67தான்.

இங்கே வரிசை முக்கியம். ஃபிளாஷ் நினைவகம் காத்திருப்பு இல்லாமல் 24 மெகாஹெர்ட்ஸ் வரைதான் ஈடுகொடுக்கும். 48-ஐத் தாண்டினால் இரண்டு வெயிட் ஸ்டேட் (காத்திருப்புச் சுழற்சி) வேண்டும். அதை வைத்த பிறகே பிஎல்எல்லுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் சிப் தவறான கட்டளைகளைப் படித்து ஹார்டு ஃபால்ட் என்ற பிழை நிலையில் போய் விழும். துணைச் சுற்றுகளுக்குப் போகும் ஏபிபி1 பஸ்ஸின் கிளாக்கையும் இரண்டால் வகுத்து 36-க்குள் வைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. கிரிஸ்டல் எழாவிட்டால், பழைய ஸ்டாண்டர்டு பெரிஃபெரல் லைப்ரரி (இந்தச் சிப்புக்கான நிரல் தொகுப்பு) சத்தமில்லாமல் 8-லேயே ஓட விட்டுவிடும். நிரலில் கிளாக் வேகத்தை வைத்திருக்கும் சிஸ்டம்கோர்கிளாக் என்ற மாறியோ (வேரியபிள்) 72 என்றே சொல்லும். எல்இடி ஒன்பது மடங்கு மெதுவாகச் சிமிட்டினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். சிப்பின் பிஏ8 காலில் பிஎல்எல்லின் பாதி கிளாக்கை வெளியே எடுத்து ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள், 36 தெரிய வேண்டும். மாறியின் மதிப்பை நம்பி நாள்கணக்காகக் நிரலைத் துருவுவதைவிட இந்த ஐந்து நிமிட வேலை எவ்வளவோ மேல்.

64-க்கும் 72-க்கும் வெயிட் ஸ்டேட் ஒன்றே என்பதால், வேக லாபம் 12.5 சதவீதம்தான். யூஎஸ்பியோ கேன் பஸ்ஸோ இல்லாத வேலைக்கு அந்த லாபத்துக்காக மட்டும் கிரிஸ்டல் சேர்க்கத் தேவையில்லை.

8-ஐ 16-ஆல் பெருக்கி 128-இல் ஓட்டுபவர்களும் உண்டு. மேசைமேல் ஓடலாம். ஆனால் வெயிட் ஸ்டேட் இரண்டுக்கு மேல் வைக்க இந்தச் சிப்பில் இடமில்லை, யூஎஸ்பிக்கு 48-உம் கிடைக்காது. வெயிலில் சூடேறும் பெட்டிக்குள் எப்போது தடுமாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறர் கையில் கொடுக்கப்போகும் கருவியில் இதைச் செய்யவே கூடாது. வேகம் போதவில்லையென்றால் 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்411, 168 மெகாஹெர்ட்ஸ் எஃப்407 இரண்டும் அதே குடும்பத்தில் இருக்கின்றன.