அப்பா காரின் ஆரஞ்சு விளக்கு: ஈசூனில் மூன்று நாள்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து ஈசூனில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போகும் வழியில்தான் கவனித்தேன். அப்பாவின் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "எத்தனை நாளாப்பா இது?" என்றேன். "மூணு வாரமா இருக்கு. வண்டி நல்லாத்தான் ஓடுது" என்றார்.

நான் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் குடியேறிப் பதினோரு வருடம் ஆகிறது. ஐந்து மணி நேர விமானப் பயணம்தான், கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டாம் என்பதால், தீபாவளிக்கு எப்படியாவது ஈசூனுக்கு வந்துவிடுவேன். அம்மாவின் மருத்துவமனை நாட்கள், வங்கி வேலை, வீட்டில் பழுதான சாமான்கள் எல்லாம் எனக்காகக் காத்திருக்கும். 2025 பயணத்தில் கார் முதலிடம் பிடித்துக்கொண்டது.

சிங்கப்பூரில் பழைய காரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம் என்று யாரும் எளிதில் சொல்ல மாட்டார்கள். அப்பாவின் கார் 2014இல் பதிவானது. கார் வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்கும் சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழின் பத்து வருடம் முடியும் நேரத்தில் புதுக் காருக்கு விசாரித்தோம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், 2023 அக்டோபரில், சிறிய கார்களுக்கான சிஓஇ மட்டும் 106,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போயிருந்தது. அதனால் பழைய காரின் சிஓஇயையே ஐந்து வருடத்துக்கு நீட்டித்தோம். ஐந்து வருடம் என்று எடுத்தால் அதற்குப் பிறகு மறுபடி நீட்டிக்க முடியாது. பத்து வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு, அதில் புகையையும் அளப்பார்கள். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் இந்தக் காரில்தான். விளக்கை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

அப்பா அதற்குள் பெட்ரோல் மூடியை மூன்று முறை கழற்றி இறுக்கிப் பார்த்திருந்தார், ஏதோ வீடியோவில் சொன்னார்களாம். அமெரிக்காவில் அது பலிக்கலாம். அங்கே, மூடி தளர்ந்து பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று காரே சோதிக்க வேண்டும் என்பது சட்டம். ஐரோப்பிய விதிமுறையில் அந்தக் கட்டாயம் இல்லை, சிங்கப்பூர் பின்பற்றுவதும் ஐரோப்பிய விதிமுறையைத்தான்.

முதல் நாள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வொர்க்‌ஷாப்புக்குப் போனோம். "ஸ்கேன் இலவசம்" என்றார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் கைப்பேசி அளவுக் கருவி ஒன்றைச் செருகி, இரண்டே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார் ஓர் இளைஞர். ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது, மாற்ற 380 வெள்ளி. கருவியில் என்ன கோட், அதாவது கோளாறு எண், வந்தது என்று கேட்டேன். பி0171. திரையைப் படம் பிடித்துக்கொண்டேன். "விளக்கை அணைத்துத் தரட்டுமா?" என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கோட் எண்ணை அழித்தால் கோளாறு பதிவான நேரத்தில் வேகம் என்ன, எஞ்சின் சூடு என்ன என்று கார் எழுதி வைத்திருக்கும் குறிப்பும் சேர்ந்து அழிந்துவிடும். அடுத்து பார்க்கப் போகிறவருக்கு அதுதான் முதல் துப்பு. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பி0171 என்றால் எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று இருக்க வேண்டும். அந்த விகிதம் தவறுகிறது என்று தெரிவிப்பதே ஆக்ஸிஜன் சென்சாரின் வேலை. சொன்ன சேதிக்காகச் சென்சாரையே மாற்றுவதைப் பார்த்தபோது, எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று அம்மா சொல்வது நினைவுக்கு வந்தது. சென்சாரும் கெட்டுப்போகக்கூடியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கெட்டதா என்று சோதிக்காமல் 380 வெள்ளி கேட்கக் கூடாது.

அன்று மாலை கார் கம்பெனியின் சொந்த சர்வீஸ் மையத்துக்குப் போன் செய்தேன். பார்ப்பதற்கு மட்டும் 160 வெள்ளி, ரிப்பேர் தனி, ஒன்பது நாள் கழித்துத்தான் இடம். எனக்கோ ஆறு நாளில் விமானம். வாரண்டி உள்ள காராக இருந்தால் முதலில் அங்கே கேட்டிருப்பேன். வெளியில் சர்வீஸ் செய்தாலே வாரண்டி போய்விடும் என்று இன்னும் பலர் பயப்படுகிறார்கள். 2017இல் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு டீலர்கள் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள் என்பதைத் தங்கைக்குச் சொல்லி வைத்தேன், அவள் கார் புதிது.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குக் கொண்டுபோனால் பாதி விலையில் முடியும் என்றார் அப்பா. எல்லை தாண்ட முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும், 2025 ஜூலையிலிருந்து மலேசியாவின் விஇபி என்ற வாகன நுழைவு அனுமதி இல்லாவிட்டால் அபராதம், அப்பா இன்னும் அதை எடுக்கவில்லை. கடற்பால நெரிசலில் எரியும் விளக்கோடு நிற்க நான் சம்மதிக்கவில்லை.

இரண்டாம் நாள் நான்கு வொர்க்‌ஷாப்புகளுக்குப் போன் செய்தேன். ஒரே கேள்விதான்: "பார்ப்பதற்கு எவ்வளவு, அந்தப் பணத்துக்கு என்னென்ன சோதனை செய்வீர்கள்?" இரண்டு இடத்தில் "வண்டியைக் கொண்டு வாங்க, பேசிக்கலாம்" என்றார்கள். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு காப்பிக்குக்கூட விலை எழுதி வைக்கும் ஊரில் இதையும் சுவரில் எழுதி ஒட்டலாமே. சின் மிங் வட்டாரத்தில் ஒரு வொர்க்‌ஷாப்பில் மட்டும் தெளிவாகச் சொன்னார்கள்: 70 வெள்ளி, ஸ்கேன், ரீடிங் பார்ப்பது, தேவைப்பட்டால் ஸ்மோக் டெஸ்ட் (புகை விட்டுக் கசிவு பார்ப்பது). ரிப்பேர் செய்தாலும் அந்த 70 கழியாது.

"பார்க்கிறதுக்கே எழுபதா?" என்று அப்பா வழி முழுக்க வருத்தப்பட்டார். நம்மவர்களில் பலருக்கு இந்த வருத்தம் இருக்கிறது. சாமானுக்குக் காசு கொடுத்தால் கையில் ஏதோ வருகிறது, பார்த்ததற்குக் கொடுத்தால் வீண் என்ற எண்ணம். ஆனால் காரில் கஷ்டமான வேலையே பார்ப்பதுதான். பெர்த்தில் இதே வேலைக்குப் போன வருடம் 165 ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை அங்கே எங்களைக் கவனித்த மெக்கானிக் தம்பி ஜோகூரின் ஸ்கூடாய்க்காரர். தினமும் பைக்கில் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறார். "அங்கிள், விளக்கு எப்ப வந்துச்சு?" என்று கேட்டதும் அப்பா கையுறைப் பெட்டியிலிருந்து தன் நோட்டை எடுத்தார். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் தேதி, கி.மீ., லிட்டர் எல்லாம் அதில் எழுதியிருப்பார். லிட்டருக்கு 12.5 ஓடிய கார் இரண்டு மாதமாக இறங்கி 10.9இல் நின்றது. தம்பி அந்தப் பக்கத்தை நின்று நிதானமாகப் படித்தார். அதற்குப் பிறகுதான் ஸ்கேனரையே எடுத்தார்.

அவருக்குக் கோட் ஆரம்பம் மட்டும்தான். ஃபூயல் டிரிம் என்ற எண்ணைத் திறந்து என்னிடம் காட்டினார். காற்று கூடிவிட்டது என்று தெரிந்ததும் எஞ்சின் தானாகக் கூடுதலாக ஊற்றும் பெட்ரோலின் அளவு அது. கார் சும்மா நிற்கும்போது 24 சதவீதம். ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் 6க்கு இறங்கியது. "பாத்தீங்களாக்கா, பெட்ரோல் பம்ப் வீக்கா இருந்தா ஓட்ட ஓட்ட இது ஏறும். இங்க இறங்குது. எங்கியோ காத்து உள்ள போவுது" என்றார். சிறிய ஓட்டை என்றால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அதன் வழியே வரும் காற்று பெரிய பங்கு. வேகம் கூடி உள்ளே போகும் காற்று பெருகினால் அது சிறிய பங்காகிவிடும். அதனால்தான் எண் இறங்குகிறது.

அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டு, காற்று போகும் குழாயில் ஒரு கருவியை மாட்டிப் புகையை உள்ளே செலுத்தினார். பானட்டுக்குக் கீழே டார்ச் அடித்து நாங்கள் மூவரும் குனிந்து நின்றோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நிமிடம் கழித்து, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குப் பின்னால், கை நுழையாத இடுக்கிலிருந்து ஊதுபத்திப் புகை போல மெல்லிசாக ஓர் இழை எழுந்தது. "அதோ" என்று முதலில் சொன்னவர் அப்பாதான்.

கழற்றியதைத் தம்பி என் உள்ளங்கையில் வைத்தார். விரல் தடிமனில், முழங்கை போல் வளைந்த ரப்பர் ஹோஸ். எண்ணெய் ஆவியும் எஞ்சின் சூடும் பட்டு ஊறிப் பிசுபிசுத்துப் போயிருந்தது. வளைவின் அடிப்பக்கம் நக நீளத்துக்கு ஒரு வெடிப்பு. மேலிருந்து எப்படிப் பார்த்தாலும் தெரிந்திருக்காது.

புது ஹோஸ் அடுத்த புளோக் உதிரிப்பாகக் கடையிலிருந்து வருவதற்குள் கோப்பிக்கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்தோம். ஹோஸ் 28 வெள்ளி, மாட்டிய கூலி 45, பார்ப்பதற்கு 70. மொத்தம் 143. கோட் எண்ணை அழித்துவிட்டு மறுபடி ரீடிங் எடுத்துக் காட்டினார், 3 சதவீதம். பழைய சென்சார் அதே இடத்தில், அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் தம்பி அப்பாவிடம் அழுத்திச் சொன்னார். இந்த விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து காட்டலாம். விட்டு விட்டு மினுங்கினால், எரியாத பெட்ரோல் வெளியே போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். ஓரமாக நிறுத்திவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டும், ஓட்டக் கூடாது. அப்பா அதையும் நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டார்.

நான் பெர்த் திரும்பி இரண்டு வாரம் கழித்து அப்பா நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கடைசி வரியில் 12.3. அதற்கு மேலே, சின் மிங் போன நாளின் தேதிக்கு நேரே, தன் கோழிக்கிறுக்கல் கையெழுத்தில் மூன்று செலவு எழுதியிருந்தார்: ஹோஸ் 28, மாட்டிய கூலி 45, பார்த்த கூலி 70.