கரண்ட் போனால் சத்தமும் போகும்: ரிசீவரோடு 3 வருடம்

ஆடுதுறையில் எங்கள் வீட்டு மாடியறையில் கம்ப்யூட்டரையும் ஸ்டீரியோ ரிசீவரையும் (பெரிய ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்து 3 வருடம் ஆகிறது. திருவாவடுதுறையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த ஊர் நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை மானிட்டர் ஸ்பீக்கரில் கேட்க மனசு வரவில்லை. அதற்காகத்தான் இந்தச் செலவு.

முதல் மாதமே வம்பு. நேற்று பாடிய ரிசீவர் இன்று ஊமை. கடைக்காரர் "கேபிள்தான்ணே போயிருக்கும்" என்றார். வாங்கினேன். நாலு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. இன்னொரு கேபிளும் வாங்கினேன். இரண்டுமே இப்போது அலமாரியில் சும்மா கிடக்கின்றன.

உண்மையில் நடந்தது இதுதான். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் ஓடுகிறது, ரிசீவர் நேரடியாக ஈபி கரண்டில். கரண்ட் போனதும் ரிசீவர் அணைகிறது, கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது. எச்டிஎம்ஐயில் சத்தம் தனியாக வருவதில்லை, படத்தோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். அதனால் விண்டோஸ் கணக்கில் ரிசீவரும் ஒரு திரை. அந்தத் திரை காணாமல் போனால் அதன் ஒலியும் காணாமல் போகும். உடனே விண்டோஸ் கையில் கிடைத்த வேறு ஸ்பீக்கருக்குத் தாவிவிடும். கரண்ட் வந்த பிறகும் பல நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஐப்பசி மழையில் ஒரே ராத்திரி நாலு தடவை கரண்ட் போய் வந்தபோதுதான் எனக்கு இது பிடிபட்டது.

மருந்து சின்னதுதான். சவுண்ட் செட்டிங்ஸில் மானிட்டர் ஸ்பீக்கரையும் மதர்போர்டு ஒலியையும் டிசேபிள் செய்துவிட்டேன். தாவ இடமில்லை என்றால் திரும்பி வந்துதானே ஆகவேண்டும்? சில சமயம் பாடிக்கொண்டிருந்த பிளேயரை மட்டும் மூடித் திறக்க வேண்டியிருக்கிறது.

மானிட்டர் தனி போர்ட்டில் இருப்பதால், இல்லாத இரண்டாம் திரைக்குள் மவுஸ் நழுவிப் போவது இன்னொரு தொல்லை. "ஒரு திரையில் மட்டும் காட்டு" என்று வைத்தால் சத்தமும் போய்விடும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்தப் பேய்த்திரையை இழுத்து, மூலையோடு மூலை மட்டும் தொடும்படி வைத்தேன். அப்புறம் மவுஸ் அந்தப் பக்கம் அவ்வளவாகப் போவதில்லை.

பாட்டு ஒழுங்காக வந்து, சினிமா மட்டும் மௌனப்படமாக ஓடினால் பிளேயரில் பாஸ்த்ரூ (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்குத் தள்ளிவிடும் வசதி) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். சினிமா ஒலியைச் சுருக்கி வைக்கும் டால்பி முறையைப் பிரித்துப் படிக்க என் ரிசீவருக்குத் தெரியாது. பாஸ்த்ரூவை அணைத்தால் கம்ப்யூட்டரே அதைப் பிரித்து, எல்லா ரிசீவருக்கும் புரியும் சாதாரண பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) ஸ்டீரியோவாக அனுப்பிவிடும்.

தீராமல் இருப்பது ஒன்றே ஒன்று. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுப் பாட்டைத் தொடங்கினால், ரிசீவர் சுதாரிப்பதற்குள் முதல் அரை விநாடி போய்விடுகிறது. ஆலாபனையின் முதல் பிடியே காணோம்! அதனால் பாட்டை ஒரு தடவை ஓடவிட்டு, உடனே முதலுக்கு இழுத்து வைத்துக் கேட்கிறேன்.