64 டாலரா, 64,000 டாலரா: ரேடியோ க்விஸ் vs டிவி க்விஸ்

அமெரிக்காவுல 1940ல சிபிஎஸ் ரேடியோல வந்த 'டேக் இட் ஆர் லீவ் இட்', அதையே பெருசாக்கி 1955ல சிபிஎஸ் டிவில வந்த '64,000 டாலர் கொஸ்டின்', இந்த ரெண்டுல எனக்கு ரேடியோ ஷோதான் ஒரு படி மேல.

ரேடியோல கணக்கு ரொம்ப சிம்பிள். முதல் கேள்விக்கு 1 டாலர், அப்புறம் 2, 4, 8ன்னு டபுள் ஆகி ஏழாவது கேள்வில 64. நடுவுல காசை வாங்கிட்டு கிளம்பலாம், இல்ல ரிஸ்க் எடுக்கலாம், ரிஸ்க் எடுக்கறேன்னு சொன்னதும் கூட்டமே "பின்னாடி வருத்தப்படுவ"ன்னு கத்தும் பாருங்க, அந்த டென்ஷனுக்கு பெரிய காசே தேவையில்ல.

டிவில 64 டாலர்ங்கறது வெறும் ஆரம்பம்தான். பெரிய தொகை வந்துட்டா வாரத்துக்கு ஒரே கேள்வி, கண்ணாடி பூத்துக்குள்ள நிக்க வச்சு கேப்பாங்க, ஊரே அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்கும். முதல்ல முழு தொகையும் ஜெயிச்சவர் ஒரு அமெரிக்க மரைன் படை கேப்டன், அவர் எடுத்த சப்ஜெக்ட் சமையல்! சைக்காலஜிஸ்ட் ஜாய்ஸ் பிரதர்ஸ் பாக்ஸிங் பத்தின கேள்விகள்ல ஜெயிச்சாங்க. பாக்கறதுக்கு இதுதான் செம, ஒத்துக்கறேன்.

ஆனா அவ்ளோ காசு, அவ்ளோ ரேட்டிங் வந்ததும் ஸ்பான்சருக்கு எந்த போட்டியாளர் இருக்கணும், யாரு போகணும்ங்கறது பெரிய விஷயமாயிடுச்சு. 1958ல, டிவி க்விஸ்ல யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணி வச்ச மோசடி வெடிச்சப்போ இந்த ஷோவும் நின்னுபோச்சு, 1960ல க்விஸ் முடிவை இப்படி முன்னாடியே செட் பண்றதே குற்றம்னு சட்டம் போட்டாங்க.