காபித் தோட்டத்துக்குள் காமா: நாலு வருட அனுபவம்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் பெரியப்பாவுக்கு 12 ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. அராபிகா செடிகள், நிழலுக்கு சில்வர் ஓக், அதன் மேல் மிளகுக் கொடி. அங்கே காபிக் காயைத் துளைக்கும் வண்டான காய்த்துளைப்பான் எங்கிருந்து கிளம்பி எப்படிப் பரவுகிறது என்று பார்க்கத்தான் காமா மென்பொருளை என் லேப்டாப்பில் ஏற்றினேன். நாலு வருடம் ஆகிவிட்டது. இன்றும் வாரம் ஒரு தடவையாவது திறக்கிறேன்.

காமா திறமூல மென்பொருள், காசு கிடையாது. 2007 வாக்கில் பிரெஞ்சு, வியட்நாம் ஆய்வாளர்கள் சேர்ந்து தொடங்கியது. நிலப்படத்தின் மேல் ஏஜென்ட்டுகளை, அதாவது செடி, பூச்சி போலத் தனித்தனியாக இயங்கும் உருக்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நடத்தை எழுதிவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டுப் பார்க்கலாம். இதற்கு முன்னால் இதே வகை மென்பொருளான நெட்லோகோவில் பழகியிருந்தேன். கற்றுக்கொள்ள அதைப் போல எளிது வேறில்லை. ஆனால் நிலப்படம் என்று வந்தால் அதற்குத் தனி இணைப்பு வேண்டும், கடைசியில் எல்லாம் கட்டங்களாகத்தான் மாறும். காமாவில் ஷேப்ஃபைலை (நிலப்பட வடிவங்கள் இருக்கும் கோப்பு) ஒரே வரியில் கூப்பிட்டால் ஒவ்வொரு பாத்தியும் தன் வடிவத்தோடு ஓர் ஏஜென்ட்டாக வந்து நிற்கும். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு இதே வேலைக்கு மெசா, மெசா-ஜியோ என்ற நிரல் தொகுப்புகள் உண்டு. உங்கள் கேள்வியில் 'எங்கே' என்பது முக்கியம் என்றால், நேராகக் காமாவுக்கே வாருங்கள் என்பேன். அதன் ஜிஏஎம்எல் என்ற நிரல்மொழியைப் புதிதாகக் கற்க வேண்டும். இரண்டு மாதம் கொடுங்கள், கைக்கு வந்துவிடும்.

தொடக்கத்தில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். காமா படிப்படியாக ஓடும்; ஒரு படி எவ்வளவு நேரம் என்று சொல்லாவிட்டால் அதை ஒரு விநாடி என்று எடுத்துக்கொள்ளும். நான் 300 படி ஓட்டிவிட்டுப் பூச்சி ஏன் நகரவே இல்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். பத்து மாதம் என்று நான் நினைத்தது ஐந்தே நிமிடம். படியை ஒரு நாள் என்று மாற்றிய பிறகுதான் சரியானது.

இரண்டாவது, நிலப்படத்தின் மண்டலம். சேலம் மாவட்டத்துக்காரர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 78 டிகிரி தீர்க்கரேகை நம் மாவட்டத்தின் ஊடாகப் போகிறது. மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி எல்லாம் யூடிஎம் (பூமியை ஆறு டிகிரிப் பட்டைகளாகப் பிரிக்கும் நிலப்பட முறை) 43-ஆம் மண்டலம். சேலம் நகரமும் ஏற்காடும் 44. நான் செடி வரிசைகளை 44-இல் வரைந்துவிட்டு, கோப்பில் 43 என்று போட்டுவிட்டேன். ஓட்டினால் திரை முழுக்க வெறுமை, இரண்டு மூலையிலும் ஒவ்வொரு புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு புள்ளி தோட்ட எல்லை, இன்னொன்று செடிகள். மண்டல எண் ஒன்று குறைந்தால் ஆறு டிகிரி மேற்கே போய்விடும். என் செடிகள் லட்சத்தீவுப் பக்கம் கடலுக்குள் நின்றன. அன்றிலிருந்து எந்தப் படத்தையும் முதலில் கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் திறந்து, நாகலூர் மேல் சரியாக உட்காருகிறதா என்று பார்த்த பிறகே காமாவுக்குள் விடுகிறேன்.

அப்புறம் எண்ணிக்கை. ஆறுக்கு ஆறு அடி இடைவெளியில் ஏக்கருக்கு 1,210 செடி. 12 ஏக்கருக்கு 14,520. இவ்வளவையும் காமா தாங்குகிறது. ஒவ்வொரு வண்டையும் தனி ஏஜென்ட்டாக ஆக்கியபோதுதான் என் 8 ஜிபி லேப்டாப் திணறியது. யோசித்துப் பார்த்தால் அதற்குத் தேவையே இல்லை. பெண் வண்டு காயின் நுனியில் துளை போட்டு உள்ளே முட்டையிடும். ஆண் வண்டு பறக்காது. ஆகவே காய்க்குள் இருப்பதைச் செடியின் ஓர் எண்ணாக வைத்துக்கொண்டு, வெளியே பறக்கும் பெண் வண்டை மட்டும் ஏஜென்ட் ஆக்கினேன். வேகம் வந்துவிட்டது. மலைச்சரிவுக்கு நான் போட்ட செயற்கைக்கோள் உயரத் தரவு மட்டும் இந்த அளவுக்குப் போதவில்லை. 30 மீட்டர் கட்டம் என்றால் 12 ஏக்கருக்கு 54 கட்டம்தான் வரும்.

நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் ஒரு சாயங்காலம். இந்தப் பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டது 1990-இல், கூடலூரில். வெளியிலிருந்து வந்த பூச்சிதானே என்று நான் காமாவில் எழுதிய மாதிரியில் (மாடலில்) அதைத் தோட்டத்தின் ஓரத்திலிருந்து நுழையவிட்டிருந்தேன். காபிப் பழத்தின் தோலை நீக்கும் பல்பர் கொட்டகைத் திண்ணையில் லேப்டாப்பை வைத்து மேஸ்திரிக்குக் காட்டினேன். சிவப்புப் புள்ளிகள் வேலி ஓரமிருந்து உள்ளே பரவின. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இது தப்பு. ஓரத்துல இருந்து வராதுங்க. களத்துல செர்ரி காயப் போடுறோம்ல, அங்கிருந்துதான் கிளம்பும். செடிக்கடியில உதிர்ந்த பழம் கிடக்குது பாருங்க, அதுவும்தான்."

"எந்தப் பக்கம் அதிகம்ங்கண்ணா?"

திரையில் விரலை வைத்துக் களத்துக்குக் கீழே இருந்த நாலு வரிசையைக் காட்டினார். அங்கேயே உட்கார்ந்து களத்தை ஓர் ஏஜென்ட்டாக வரைந்து, வண்டு அங்கிருந்து கிளம்பும்படி மாற்றினேன். நாலைந்து வரிதான். மறுபடி ஓட்டியதும் அவர் காட்டிய வரிசைகள்தான் முதலில் சிவந்தன. மறுநாள் காலையில் அந்தச் செடிகளில் காயைப் பிட்டுப் பார்த்தோம். துளை இருந்தது. நிரல் தெரியாத ஒருவர் படத்தைப் பார்த்து "இது தப்பு" என்று சொல்லவும், அவர் சொன்னதை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டவும் முடிகிறது. எனக்கு இதைவிடப் பெரிய வசதி வேண்டாம்.

ஆனால் ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள். மாதிரிக்குள் தற்செயல் இருப்பதால் அந்தத் தற்செயலைத் தொடங்கிவைக்கும் 'விதை எண்' (சீட்) மாறினால் விளைவும் மாறும். பேட்ச் சோதனையில் ஒவ்வொரு அமைப்பையும் நூறு தடவை ஓட்டி, பரவல் எவ்வளவு விரிகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன். இரவில் திரையில்லா முறையில் ஓடவிட்டுத் தூங்கிவிடலாம். பதிப்பு மாறும்போது பழைய நிரலில் சில வரிகளைத் திருத்த வேண்டிவரும். அதனால் வேலை முடியும் வரை பழைய பதிப்பை அழிப்பதில்லை.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது வண்டைப் பிடிக்கும் பொறிகளின் கணக்கு. களத்தைச் சுற்றி நெருக்கமாக வைப்பதா, தோட்டம் முழுக்கப் பரத்துவதா? உதிர்ந்த பழத்தைப் பொறுக்க ஆள் விட்டால் எத்தனை பொறி மிச்சமாகும்? களத்துக்கு மேலே வலை கட்டினால் என்ன ஆகும் என்று போன வாரம் மேஸ்திரி கேட்டார். வலையை இன்னும் வரையவில்லை. பறிப்பு தொடங்குவதற்குள் போட்டுக் காட்ட வேண்டும்.